தோற்றுத் தோற்று வளர்ந்த கட்டடம்

எங்கள் மன்றத்தின் கட்டடம் முதன்முதலாக வளர்ந்தது, மாவட்டக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடம் கிடைத்த பெனால்டியை நான் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்து, பந்து பறந்து போய் உப்பளத்தில் விழுந்து, எடுக்கப் போனவர்கள் முழங்கால் வரை வெள்ளையாகத் திரும்பி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான். தொண்ணூற்று மூன்றாம் வருடம், மே மாதம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அதற்குப் பிறகு நான் பந்தைக் காலால் தொடவில்லை.

சிப்பித்துறையில் விளையாடத் தெரிந்தவர்கள் சந்தியாகப்பர் அணியில் இருந்தார்கள். விளையாடத் தெரியாதவர்கள், தொப்பை விழுந்தவர்கள், வாரம் முழுக்கக் கடலில் கிடந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் தரையில் நிற்பவர்கள் எல்லோரும் சேர்ந்து சந்தியாகப்பர் கால்பந்து ரசிகர் மன்றத்தைத் தொடங்கியிருந்தார்கள். அணி எங்கே போனாலும் லாரி பிடித்துப் பின்னாலேயே போவது, தொண்டை கட்டும்வரை கத்துவது, ரெஃப்ரியின் குலத்தையும் கோத்திரத்தையும் விசாரிப்பது, திரும்பி வந்து கடுங்காப்பி குடித்தபடி, முடிந்துபோன ஆட்டத்தை மேசைமேல் தீப்பெட்டிகளை வைத்து மறுபடி ஆடி வேறு மாதிரி முடிப்பது, இவையே மன்றத்தின் நோக்கங்கள். சங்கப் பதிவுக்கு இதையே கொஞ்சம் மரியாதையான தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மன்றத்துக்கு இருந்த இடம், மூடிப்போன உப்புக் கம்பெனி ஒன்றின் காவலாளி அறை. பதினோரு அடிக்கு ஒன்பது அடி. உறுப்பினர்கள் நாற்பது பேர். பதினேழு பேர் உள்ளே உட்காரலாம். மீதிப்பேர் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் மன்றத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாரியில் யாரும் பேசவில்லை. நான் லாரியின் பின்மூலையில் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்து, தலைவர் கஸ்பார் மச்சாது தன் இடுப்பிலிருந்த சாவியால் காவலாளி அறையைத் திறந்து உள்ளே போனார். பின்சுவரில், காலையில் சந்தியாகப்பர் படம் மாட்டியிருந்த இடத்தில், ஒரு கதவு இருந்தது. அதைத் தள்ளினார். அதற்கு அப்பால், காலையில் உடைமரமும் ஆட்டுப் புழுக்கையுமாகக் கிடந்த இடத்தில், நாற்பது அடிக்கு இருபத்தைந்து அடியில் ஒரு மண்டபம், ஆறு ஜன்னல்களோடு, தேக்கு உத்திரங்களோடு, சுண்ணாம்பு வாசனை மாறாமல் நின்றுகொண்டிருந்தது. கஸ்பார் தலையை மட்டும் உள்ளே நீட்டி இடமும் வலமும் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "பெஞ்சு பத்தாதேவே" என்றார்.

மண்டபம் வந்ததைப் பற்றி அன்றைக்கு ஊரில் பேசப்பட்டது அவ்வளவுதான். பங்குச் சாமியார் வந்து பார்த்து, அற்புதங்கள் கோயிலுக்குள்தான் நடக்கும், இது கோயில் அல்ல, ஆகவே இது அற்புதம் அல்ல என்று விளக்கிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு மூலையிலும் தீர்த்தம் தெளித்துப் போனார். கொத்தனார் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்து, பூச்சு வேலை சுத்தம், ஆனால் வெளியூர் ஆளை வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். பஞ்சாயத்திலிருந்து வந்தவர், கட்டடம் எப்போது கட்டியது என்று கேட்டார். நேற்று என்றோம். அவர் 'ஏற்கெனவே உள்ளது' என்று எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

காரணம் புரிய ஒரு வருடம் ஆனது. லீக் ஆட்டம் ஒன்றில் தோற்று வந்த மறுநாள், மண்டபத்தின் கிழக்குச் சுவர் ஒரு சாண் தள்ளி நின்றது. அடுத்த தோல்விக்கு இன்னொரு சாண். சமமாக முடிந்தால் சுவர் அசையவில்லை. ஒரு போட்டியின் காலிறுதியில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்று வெளியேறினோம். மண்டபத்தின் வடக்குப் பக்கம் கதவோடும் ஜன்னலோடும் முழுசாக ஓர் அறை முளைத்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுநாள் காலை, சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்ட வலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு கட்டடத்தை அளப்பது செயலாளரின் வேலை ஆனது. செயலாளராக என்னை வைத்தார்கள். முதல் மண்டபத்தைக் கொண்டுவந்தவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்றார்கள்.

புது அறைகளுக்குப் பெயர் வேண்டும் அல்லவா. யாரால் அறை வந்ததோ அவர் பெயரை வைப்பதுதானே முறை என்று, எங்களுக்கு எதிராகக் கோல் போட்டவர்களின் பெயர்களை வைத்தோம். வடக்கு அறை, பாளையம் ஸ்பின்னர்ஸ் அணியின் அப்துல் வகாப் அறை. அவரையே திறந்துவைக்கக் கூப்பிட்டோம். மனைவியோடும் இரண்டு கிலோ அல்வாவோடும் வந்து ரிப்பனை வெட்டி, உள்ளே ஒரு சுற்று சுற்றிவந்தவர், "ஜன்னலு கொஞ்சம் சின்னதாட்டு இருக்கே" என்றார்.

"ரெண்டாவது கோல் ஆஃப்சைடுலா. அதான்" என்றார் கஸ்பார்.

"யாரு சொன்னா ஆஃப்சைடுன்னு? அடுத்த வருசம் மூணு போடுதேன், பெரிய ஜன்னலா வச்சுக்கிடுங்க."

"உம்ம வாய் முகூர்த்தம்" என்று கஸ்பார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

எங்கள் ஆட்களிடம் தோற்றுவிட்டு வா என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். எதிரணியின் பந்து எங்கள் வலைக்குள் விழும்போது எங்களை அறியாமல் கை தட்டிவிடுவோம், அவ்வளவுதான். எங்கள் முன்வரிசைக்காரன் கோலுக்கு முன்னால் தனியாகப் பந்தோடு நிற்கும்போது, மண்டபம் வந்தபின் நானூறாகிவிட்ட உறுப்பினர்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அந்த மௌனம் அவன் காலில் போய்ச் சுற்றிக்கொள்ளும். பையன்கள் நல்லவர்கள், புரிந்துகொண்டார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் மட்டும் ஒரு நேரம் கெட்ட நேரத்தில் ஜெயித்துவிட்டோம். மறுநாள் கிழக்குச் சுவர் ஒரு சாண் உள்ளே வந்து, சாய்த்து வைத்திருந்த கேரம் போர்டை அடுத்த சுவரோடு சேர்த்து நெரித்துப் பிடித்திருந்தது. இன்றைக்கும் எடுக்க முடியவில்லை. அதன்மேல் மெழுகுவர்த்தி வைக்கிறோம். கோல் போட்டவனிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டோம். அவன் அதை எழுதித் தராமல் திருப்பூருக்குப் போய்விட்டான்.

மண்டபத்தில் கல்யாணங்கள் நடந்தன. போலியோ சொட்டு மருந்து முகாம் நடந்தது. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. மண்டபத்தின் நடுச்சுவரில், சந்தியாகப்பர் படத்துக்கு ஒரு முழம் கீழே, என் படத்தை மாட்டினார்கள். முதலில் அதன் அடியில் 'ரெமிஜியுஸ், செயலாளர்' என்று மட்டும்தான் இருந்தது. பிறகு ஒரு மே மாதம், மாலை போடும்போது யாரோ பெயிண்டால் இன்னொரு வரி சேர்த்தார்கள்: 'நமக்காகத் தவறவிட்டவர்.'

அது எப்படித் தொடங்கியது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதலில் கேலியாகத்தான் சொன்னார்கள். "ரெமி வேணும்னேதான்வே மேல அடிச்சான், அவனுக்கு முன்னாலயே தெரியும்." பிறகு அதையே கல்யாண வீடுகளில் வாழ்த்துரையில் சொன்னார்கள். கேலியைக் கேட்டவர்களின் பிள்ளைகள் வளர்ந்தபோது அது வரலாறாகிவிட்டது. நான் சிரித்துக்கொண்டேன். மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது பொய் சொல்வது ஆகுமா என்று நானே என்னைக் கேட்டு, ஆகாது என்று நானே பதில் சொல்லி, அந்தப் பதிலை நானே நம்பாமல், இப்படி முப்பது வருடம் ஓடியது. என் மேலே மாலை விழும் ஒவ்வொரு தடவையும், அந்த ஞாயிற்றுக்கிழமையின் பந்து புள்ளியில் இருப்பதும், என் வலது கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் தொங்குவதும் தெரியும்.

பிறகு கடல் முன்தெருவை எடுத்தது. ஒரே நாளில் அல்ல, ஓர் ஐப்பசி தொடங்கித் தை முடிய, வீட்டுக்கு ஒரு வாரம் என்று நிதானமாக எடுத்தது. பதின்மூன்று குடும்பங்கள் சட்டி பானையோடு மன்றத்துக்கு வந்தன. மன்றத்தில் அப்போது மண்டபத்தைச் சுற்றி மூன்று பக்கமும் சரியாகப் பதின்மூன்று அறைகள் இருந்தன. தோற்றதன் பலன் என்ன என்று அன்றைக்குத்தான் ஊர் முழுவதற்கும் தெரிந்தது. ரேஷன் கார்டில் முகவரி மாறியது. 'அப்துல் வகாப் அறை, சந்தியாகப்பர் மன்றம்' என்று ஒரு குடும்பத்துக்கு வாக்காளர் அட்டையே வந்தது. கடைசி அறை, மண்டபத்தின் மறுகோடியில் இருந்த பதின்மூன்றாம் எண், ஒரு சப்பைத் தோல்விக்குப் பிறந்தது, ஆறு அடிக்கு எட்டு அடி. அதில் கருவாடு விற்கும் சலேத் மேரியும் அவள் மகன் கிளீட்டஸும் இருந்தார்கள். புருஷன் கடலில் போனவன். மகன் ஆறடி இரண்டு அங்குலம். அம்மாவின் பெட்டியும் அடுப்பும் போக மிச்சமிருந்த குறுக்கு வாட்டத்தில் அவன் படுத்தால், பாதம் இரண்டும் சரியாக ஒரு சாண் அளவுக்கு வாசற்படி தாண்டி மண்டபத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போவார்கள்.

கிளீட்டஸ் கோல்கீப்பர் ஆனான். அதோடு கட்டடம் வளர்வது நின்றது.

நான்கு வருடம். அவன் கைக்குள் வராத பந்தே இல்லை. எங்கள் ஆட்கள் கோல் போடுவதில்லை, அவன் கோல் விடுவதில்லை. எல்லா ஆட்டமும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் கயிற்றை எடுத்துப் போய் அளந்து, முடிச்சு மாறாமல் திரும்பி வருவேன். இதற்கிடையில் கடல் நடுத்தெருவையும் பார்க்கத் தொடங்கியிருந்தது. அறைக்காகக் காத்திருந்தவர்கள் சலேத்திடம் கருவாடு வாங்குவதை நிறுத்தினார்கள். "உம் மவன் கையி என்ன பசையா? ஒண்ணு ரெண்டு விட்டாத்தான் என்ன?" என்று தெருவில் கேட்டார்கள். அவள் கூடையை இறக்காமலே, "அவனுக்கு விடத் தெரியாது. நீங்க வேணும்னா உங்க மவன நிறுத்துங்க, அவன் நல்லா விடுவான்" என்பாள்.

இந்த வருடம் மாவட்டக் கோப்பை வந்தது. ஓர் ஆட்டத்தையும் ஜெயிக்காமலே நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். முதல் சுற்றில் எதிரணியின் வேன் பஞ்சர், அவர்கள் வந்து சேரவே இல்லை. காலிறுதி பூஜ்யத்துக்குப் பூஜ்யம், நாணயம் சுண்டி எங்களுக்கு விழுந்தது. அரையிறுதியும் அப்படியே. சுண்டிய நாணயத்தைச் சுவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே பாளையம் ஸ்பின்னர்ஸ். அப்போதுதான் தெரிந்தது, துறைமுகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்குக் கிளீட்டஸ் மனுப் போட்டிருக்கிறான் என்பதும், மாவட்டக் கோப்பையை வென்ற சான்றிதழ் இருந்தால்தான் மனுவைப் பார்ப்பார்கள் என்பதும், ஜூன் பிறந்தால் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும் என்பதும்.

செயற்குழு மண்டபத்தில் கூடியது. இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் கட்டடத்தில் எது போகும் என்பதே பொருள். கடைசியில் வந்ததுதான் முதலில் போகும், பதின்மூன்றாம் எண்ணில் தொடங்கி எத்தனை அறை போகுமோ என்று ஒரு கட்சி. இறுதி ஆட்டத்தில் வந்தது இறுதி ஆட்டத்தில்தான் போகும், ஆகவே மண்டபமே போகும், மண்டபம் போனால் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் எல்லா அறையும் போகும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கைகலக்கும் கட்டம் வந்தபோது கஸ்பார் கையைத் தூக்கினார். அவருக்கு எண்பது வயதாகியிருந்தது. குரல் மட்டும் இன்னும் லாரியில் நின்று கத்துகிற குரல்.

"எதுக்குவே சண்டை? ஜெயிச்சாத்தான எல்லாம். ரெமி, நீரு போயி அந்தப் பயகிட்டச் சொல்லும். நாங்க சொன்னா பொறாமைன்னு நெனைப்பான். நீரு சொன்னா கேப்பான். இந்த ஊருக்கு வழி காட்டுனவரு நீருதான."

எல்லோரும் என் படத்தை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தார்கள்.

மறுநாள் மாலை போனேன். கிளீட்டஸ் மண்டபத்தின் வெளிச்சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். சலேத் பக்கத்தில் சாளைக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. உங்களத்தான் அனுப்புவாவன்னு காலையிலயே சொன்னேன்" என்றாள். "சொல்லிட்டுப் போங்க. எனக்கும் கேக்கணும்."

நான் வானிலையைப் பற்றிப் பேசினேன். கச்சான் காற்றைப் பற்றிப் பேசினேன். பாளையம் அணியில் இப்போது வகாபின் மகன் ஆடுவதைப் பற்றிப் பேசினேன். கிளீட்டஸ் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "மாமா, ஒண்ணு கேக்கட்டா?" என்றான்.

"கேளு மக்கா."

"நீங்க அன்னிக்கு வேணும்னேதான் மேல அடிச்சியளா?"

சலேத்தின் கை கருவாட்டின்மேல் நின்றது.

"ஏன் கேக்கேன்னா, உங்களுக்கும் அன்னிக்கு வேல கீலன்னு ஏதாவது இருந்திருக்கும். அதெல்லாம் வேண்டாம், ஊருதான் முக்கியம்னு நீங்க அடிச்சியன்னா, நானும் விடுதேன். சத்தியமா விடுதேன். அம்மாவும் நானும் எங்கயாவது பொழச்சிக்கிடுவோம். நீங்க செஞ்சத நான் செய்யக்கூடாதா? நீங்க மட்டும் சொல்லுங்க."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அதைச் சொல்லத்தான் ஊர் என்னை அனுப்பியிருந்தது. பதின்மூன்று குடும்பங்கள் அந்தச் சொல்லின்மேல் படுத்திருந்தன. அதைச் சொன்னால் நான் பொய் சொன்னதாகக்கூட ஆகாது. ஊர் முழுக்க முப்பது வருடமாகச் சொல்வதைத் திரும்பச் சொன்னதாகத்தான் ஆகும். சுவரைப் பார்த்தேன். வெயிலில் அது அசையாமல் நின்றது. ஆனால் காது கொடுப்பதுபோல் இருந்தது.

"இல்ல மக்கா" என்றேன். "பயந்துட்டேன். விசில் ஊதுனதும் மூத்திரம் முட்டுச்சு. காலு நடுங்குச்சு. கண்ண மூடிக்கிட்டு அடிச்சேன். உள்ள போகணும்னு சந்தியாகப்பர வேண்டிக்கிட்டேதான் அடிச்சேன்."

பிறகு சலேத் ஒரு மீனை எடுத்துப் புரட்டினாள். "இதச் சொல்ல இம்புட்டு வருசமாண்ணே" என்றாள். அதில் கோபம் இல்லை. "காப்பி குடிக்கியளா?"

இறுதி ஆட்டத்தன்று காலை, பதின்மூன்று அறைகளும் காலியாகின. கட்டில், கிரைண்டர், டிவி, மாதா சுரூபம், தையல் மெஷின், ஸ்கூல் பை, ஒரு கோழிக்கூடு எல்லாம் கடற்கரை மணலில் அறை அறையாக, அதே வரிசையில், சுவர் மட்டும் இல்லாமல் வைக்கப்பட்டன. மண்டபத்துப் பெஞ்சுகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவை யாருடையவையும் அல்ல. பிறகு எல்லோரும் லாரி ஏறினோம். சலேத்தும் ஏறினாள். அவள் மகனின் ஆட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. ஞாயிறு சந்தை நாள்.

எங்கள் ஆட்கள் எதிர்ப்பக்கம் கோல் இருப்பதையே கவனிக்காமல் ஆடினார்கள். எங்கள் கூட்டம் வகாபின் மகனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியது. வகாப் எங்கள் கூட்டத்தில், கஸ்பாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிளீட்டஸ் ஆறு பந்தைப் பிடித்தான், மூன்றைத் தட்டினான். எழுபதாவது நிமிடத்தில் பாளையத்தின் தடுப்பாட்டக்காரன் ஒருவன், யாருமே இல்லாத இடத்தில், தன் கீப்பருக்குத் தலையால் கொடுப்பதாக நினைத்துத் தன் வலைக்குள்ளேயே முட்டிவிட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம். நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள்.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் பாளையத்துக்குப் பெனால்டி கிடைத்தபோது நானூறு பேரும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டோம். கோல் விழுந்தால் சமம். சமமென்றால் சுவர் அசையாது. வகாபின் மகன் பந்தை வைத்தான். எங்கள் ஊரின் மௌனம் முழுவதும் எங்கள் கீப்பரை நோக்கிப் போனது. சலேத் ஒருத்திதான் எழுந்து நின்று, சந்தையில் விலை கூவுகிற குரலில், "பிடிலே!" என்றாள்.

அவன் இடது பக்கம் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தான்.

திரும்பி வரும்போது லாரியில் யாரும் பேசவில்லை. கோப்பை ஒரு சாக்குக்குள் கிடந்தது. ஊருக்கு வந்து கஸ்பார் காவலாளி அறையைத் திறந்தார், பின்கதவைத் தள்ளினார், தலையை நீட்டி இடமும் வலமும் பார்த்தார். மண்டபம் இல்லை. உத்திரம் இல்லை, ஆறு ஜன்னலும் இல்லை. அது சாண் சாணாக வளர்ந்து நின்ற இடம் முழுவதும் வெறும் மணல், அதன்மேல் அவ்வளவே நீள அகலத்துக்கு வானம். சுற்றி மூன்று பக்கமும் பதின்மூன்று அறைகளும் ஒரு சுண்ணாம்புப் பொருக்குக்கூட உதிராமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. கேரம் போர்டு மட்டும் இரண்டு சுவரும் இல்லாமல் அந்தரத்தில் நின்றிருந்தது, மெழுகுவர்த்தியோடு.

கஸ்பார் எங்கள் பக்கம் திரும்பினார். "பெஞ்சு எல்லாம் வெயில்ல கெடக்கேவே" என்றார்.

ஒரு மணி நேரத்தில் கட்டிலும் கிரைண்டரும் கோழியும் அறைகளுக்குத் திரும்பின. அடுத்த வாரம் கல்யாணம் வைத்திருந்தவர் பந்தல்காரனுக்குப் போன் செய்தார். என் படம் மணலில் கண்ணாடி மேலே பார்க்கக் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்த ஒருவர், மாட்டச் சுவரைத் தேடிச் சுற்றிலும் பார்த்தார். அப்போதுதான் நான் சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும், பெஞ்சின்மேல் ஏறி நின்று சொன்னேன். வேண்டுமென்று அடிக்கவில்லை, பயத்தில் அடித்தேன், இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு மாலை வாங்கியது தப்பு, மண்டபம் போனது இன்றைய வெற்றியாலா நான் கிளீட்டஸிடம் உண்மையைச் சொன்னதாலா என்று எனக்குத் தெரியாது, எதுவானாலும் மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். மூத்திரம் முட்டியதையும் சொன்னேன்.

பிறகு யாரோ சிரித்தார்கள். "பாத்தியளா, மண்டபம் போயிட்டுதேன்னு நம்மளத் தேத்துதாரு." "மனுசனுக்கு எம்புட்டு அடக்கம் பாருங்க." பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அப்பம் இப்ப ஒண்ணு அடிச்சுக் காட்டும்வே" என்றார் கஸ்பார்.

"காட்டுனா?"

"உள்ள போட்டீர்னா, உமக்கு அடிக்கத் தெரியும், அன்னிக்கு வேணும்னேதான் விட்டீருன்னு அர்த்தம்."

"போடலன்னா?"

"இன்னிக்கும் எங்களுக்காக விட்டீருன்னு அர்த்தம்."

பதின்மூன்றாம் எண் வாசலுக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் குடங்களை வைத்தார்கள். அங்கிருந்து காவலாளி அறையை நோக்கிப் பன்னிரண்டு கஜம் எண்ணி, குதிகாலால் மணலில் ஒரு குழி போட்டார்கள். கிளீட்டஸ் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் குடங்களுக்கு நடுவில் போய் நின்றான்.

"அடிங்க மாமா" என்றான். "கண்ண மூடாம."

ஐம்பத்தைந்து வயதில் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பந்தைப் பார்த்து நடப்பதில் மரியாதை ஒன்றும் இல்லை. சுற்றிலும் அறைவாசலில் நின்றவர்கள், கோல் விழுந்தால் சுவர் உள்ளே வந்துவிடுமோ என்று கைக்குழந்தைகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். நான் கண்ணை மூடவில்லை. இடது குடத்தின் கழுத்தைப் பார்த்து, முப்பத்திரண்டு வருடத்தையும் காலில் வைத்து அடித்தேன். அது நல்ல அடி. என் வாழ்நாளில் நான் அடித்த ஒரே நல்ல அடி. கிளீட்டஸ் பாய்ந்தான். பந்து அவன் வலது உள்ளங்கையில் பட்ட சத்தம் சுவர்களில் முட்டித் திரும்பிவந்தது. பந்து குடத்தைத் தாண்டி வெளியே உருண்டது.

ஊரே கைதட்டியது. என்னைத் தோளில் தூக்கினார்கள்.

மறுநாள் காலை, பழக்கத்தை விட முடியாமல், கயிற்றை எடுத்துப் போய் அளந்தேன். பன்னிரண்டு அறைகள் இருந்தபடி இருந்தன. பதின்மூன்றாம் எண்ணின் பின்சுவர் ஒரு சாண் தள்ளி நின்றது. சலேத் அடுப்பை நகர்த்திவிட்டு, "படுத்துப் பாருலே" என்றாள். கிளீட்டஸ் படுத்தான். குதிகால் இரண்டும் வாசற்படிக்கு உள்ளே, பூராவும் உள்ளே இருந்தன. திங்கட்கிழமையான அன்றைக்கே அவன் துறைமுகத்தில் சான்றிதழோடு ஆஜராக வேண்டும்; வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் உண்டு.

என் படத்தை இப்போது பதின்மூன்றாம் எண்ணின் வெளிச்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அடியில் 'இரண்டாம் முறையும்' என்று சேர்த்திருக்கிறார்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் அப்படி இல்லை என்று சொல்கிறேன்; சொல்லச் சொல்ல மாலை கனத்துக்கொண்டே போகிறது. உண்மை தெரிந்தவர்கள் நானும் கிளீட்டஸும் அவன் அம்மாவுமாக மூன்று பேர். அந்தத் திங்கட்கிழமை பேருந்துக்கு நிற்கும்போது கிளீட்டஸ் தன் வலது கையை என்னிடம் நீட்டினான். உள்ளங்கை கன்றி, விரல் மடங்காமல், பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது.

"இத வச்சுக்கிட்டு எப்படி மாமா கையெழுத்துப் போட?" என்றான். பிறகு அம்மாவுக்குக் கேட்காமல், சிரித்துக்கொண்டே சொன்னான். "சும்மா ஒரு அடியா அடிச்சிய?"

அவன் இடது கையால் கையெழுத்துப் போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.